தட்டைப் பார்ப்பதும் முகத்தைப் பார்ப்பதும்

மார்ட்டின் லூத்தர் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பேர் டோல்பெல். விட்டன்பர்க் நகரத்தில், முன்பு அகுஸ்தீன் சபைத் துறவிகளின் மடமாக இருந்த பெரிய கட்டடத்தில்தான் லூத்தரின் குடும்பம் குடியிருந்தது. அவருடைய மனைவி கத்தரீனா பன்றி வளர்த்தார், தோட்டம் போட்டார், பீர் காய்ச்சினார். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கேயே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் வந்துபோகிற விருந்தாளிகளுக்கும் சேர்த்து உலை வைத்தார். சாப்பாட்டு மேசையில் லூத்தர் பேசுவதையெல்லாம் மாணவர்கள் எழுதிவைத்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளின் முதல் தொகுப்பு, அவர் இறந்து இருபது வருஷம் கழித்து 1566-இல் அச்சாகி வந்தது. ‘மேசைப் பேச்சு’ என்று அதைச் சொல்வார்கள்.

1532-இல் எழுதிய ஒரு குறிப்பில் டோல்பெல் வருகிறான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஜமான் கையிலிருந்து ஒரு துண்டு இறைச்சி விழாதா என்று டோல்பெல் காத்திருக்கிறான். வாய் திறந்தபடி இருக்கிறது, கண் அசையவில்லை. அதைக் கவனித்த லூத்தர், இந்த நாய் இறைச்சியைப் பார்க்கிற மாதிரி ஜெபம் பண்ண எனக்கு வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினாராம். அந்த நாய்க்கு அந்த நேரத்தில் வேறு நினைப்பே இல்லை, வேறு ஆசையும் இல்லை என்றாராம்.

ஜெபத்தில் மனம் அலைபாய்வது லூத்தரை ரொம்பவே வருத்தியிருக்கிறது. மூன்று வருஷம் கழித்து, 1535-இல், தனக்கு முடிவெட்டுகிற பீட்டருக்காக ஜெபத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். சவரக்கத்தி பிடித்திருக்கிறவன் வேறெங்கோ பார்த்துக் கதை பேசினால் என்ன ஆகும் என்று பீட்டருக்குப் புரிகிற பாஷையிலேயே அதில் கேட்கிறார். ஐரோப்பாவையே புரட்டிப்போட்ட ஒரு மனுஷர், ஜெபிக்கக் கற்றுக்கொள்ள ஒரு நாயையும் ஒரு நாவிதரையும் கவனித்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் எழுதிய பெரிய பெரிய வியாக்கியானங்களைவிட இந்த இரண்டு இடங்களில்தான் அவர் எனக்கு நெருக்கமாகிறார்.

ஆனால் டோல்பெல் விஷயத்தில் லூத்தர் சொன்னதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதியை எங்கள் வீட்டு மணி வேறு மாதிரி காட்டிக்கொடுத்திருக்கிறான்.

மணி சாதாரண நாட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பிறந்து, ஒரு மழைக்கு எங்கள் வராந்தாவில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவன். எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. ஜெபம் நடக்கும்போது அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருப்பான். கடைசி ஆமென் சொன்னதும் எழுந்து உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்துவிட்டு மேசையை நோக்கி நடப்பான். அம்மாவின் இடது பக்கம்தான் அவன் இடம். எங்கள் வீட்டில் மீனை ஆய்ந்து முள் எடுத்துத் தின்னுகிற பொறுமை அம்மாவுக்குத்தான் உண்டு, கை தாராளமும் அவர்களுக்குத்தான். அது மணிக்குத் தெரியும்.

அவன் எதைப் பார்க்கிறான் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். முதலில் தட்டைப் பார்ப்பான், மீன் வாசனை இழுக்குமே. ஆனால் கொஞ்ச நேரத்தில் கண் மேலே போய்விடும், அம்மாவின் முகத்துக்கு. அப்புறம் தட்டுப் பக்கம் பார்வை இறங்குவதே அபூர்வம். அம்மா யாரிடமாவது பேசத் திரும்பினால், எழுந்து சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். குரைக்க மாட்டான், அம்மா அதற்கு இடம் கொடுத்ததில்லை. ரொம்ப நேரமானால் முன்னங்காலை எடுத்து அம்மாவின் மடியில் மெதுவாக வைப்பான். அம்மா, “ஏல, செத்த பொறுல, தாரேன்” என்பார்கள். அந்தத் ‘தாரேன்’ அவனுக்குப் போதும். காலை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவான். முகத்தைப் பார்ப்பதை மட்டும் விடமாட்டான்.

இது மணியின் தனிக் குணம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டில் ஆடம் மிக்லோஷி என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் 2003-இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தேன். நாய்களையும், குட்டியிலிருந்தே மனுஷர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் வைத்துச் செய்த சோதனை அது. ஒரு கயிற்றை இழுத்தால் இறைச்சி கிடைக்கும். இரண்டுமே அதைக் கற்றுக்கொண்டன. பிறகு, எவ்வளவு இழுத்தாலும் இறைச்சி வராதபடி கயிற்றைக் கட்டிவிட்டார்கள். ஓநாய்கள் இழுத்துக்கொண்டேயிருந்தன. நாய்களும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தன. வரவில்லை என்றதும் திரும்பி, பின்னால் நின்ற மனுஷரின் முகத்தைப் பார்த்தன. ஓநாய்களைவிட நாய்கள் சீக்கிரமாகத் திரும்பின, நீண்ட நேரமும் பார்த்தன. ஒரே மாதிரி வளர்ப்பு, ஒரே பசி. ஆனால் தன் பலம் தீர்ந்த இடத்தில் முகத்தைத் தேடுகிற வழக்கம் நாய்க்குத்தான் பிறவியோடு அதிகமாக வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இதைப் படித்தபோது நான் ஜெபத்தைத்தான் நினைத்தேன். விடாமுயற்சி என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சோதனையில் ஓநாய்க்குத்தான் முதல் பரிசு. கயிற்றை விடவே இல்லையே. ஆனால் அது கயிற்றோடு நடத்திய போராட்டம், கூட இருந்த ஆளை அது அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் கயிற்றை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. வேதம் சொல்லுகிற ஊக்கமான ஜெபம் இந்த இரண்டாவது வகை என்பது என் உறுதியான எண்ணம்.

நம்முடைய சபைகளில் விடாமல் ஜெபிப்பது என்றால் பெரும்பாலும் முதல் வகையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்னும் சத்தமாக, இன்னும் அதிக நேரம், இன்னும் ஒரு உபவாசம், இன்னும் ஒரு முழு இரவு. முழு இரவு ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த இரவுகளில் நானும் முழங்கால் போட்டிருக்கிறேன், அவை எனக்குத் தந்ததை நான் மறக்க மாட்டேன். ஆனால் இத்தனை நாள் இத்தனை மணிநேரம் ஜெபித்தால் இது நடந்தே தீரும் என்று மேடையிலிருந்து கணக்குச் சொல்லப்படும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்தக் கணக்கை நம்பிப் போன எத்தனையோ பேர், நடக்கவில்லை என்றதும் ஜெபத்தையே விட்டிருக்கிறார்கள். அவர்களை விசுவாசக் குறைவு உள்ளவர்கள் என்று சொல்வது பெரிய கொடுமை. கயிறு கட்டப்பட்டிருந்தது, அதை அவர்கள் கை வலிக்க இழுத்தார்கள். திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இயேசுவே இரண்டையும் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், வார்த்தைகளை அடுக்கினால் கேட்கப்படும் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் கேட்கும் முன்னமே பிதாவுக்குத் தெரியும் என்கிறார். லூக்கா 18-இல், சோர்ந்துபோகாமல் எப்போதும் ஜெபிக்க வேண்டும் என்பதற்காக விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும் வருகிற உவமையைச் சொல்கிறார். சின்ன வயதில் இந்த இரண்டும் எனக்கு ஒன்றோடொன்று முட்டும். அதிகம் பேசாதே என்கிறார், விடாதே என்றும் சொல்கிறார். எப்படி இரண்டும் ஆகும்? மணி இரண்டையும் சேர்த்தே செய்கிறான். அவனுக்கு வார்த்தையே கிடையாது, விடுவதும் கிடையாது.

பிதாவுக்குத்தான் தெரியுமே, பின்னே எதற்குக் கேட்க வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மணிக்கென்று தினமும் மீன்தலை போட்டுத் தனியாகச் சோறு வெந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் மேசைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது அவன் வட்டிலுக்குப் போய்விடும். அவன் பசியை யாரும் மறந்துவிடவில்லை. அது தெரிந்தும் வந்து உட்காருகிறான். கையிலிருந்து வாங்குகிறதில் வட்டிலில் கிடைக்காத ஒன்று அவனுக்கு இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது, அதுதான் விசேஷம். மணி ஒருநாள் மேசைக்கு வரவில்லை என்றால் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டார்கள், எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே வேலை செய்கிற ஆக்ஸிடோசின் சுரப்பு இரண்டு பேருக்குமே கூடுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் எழுதினார்கள். விஞ்ஞானத்தைக் கொண்டு ஆண்டவரை விளக்க நான் முயலவில்லை. கேட்பதற்காக அருகே வருவதும் அன்பில் ஒரு பங்கு என்பதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மேசைக்கு அடியில் உள்ள நாயை ஜெபத்தோடு முதலில் இணைத்தவர் லூத்தர் அல்ல. அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்பே ஒரு அம்மா இணைத்துவிட்டார். தீரு, சீதோன் பட்டணங்களின் பகுதி, இன்றைய லெபனான் கடற்கரை. இயேசு அங்கே ஒரு வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்க விரும்பினார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அந்த அம்மாவிடமிருந்து மறைந்திருக்க முடியவில்லை. மத்தேயு அவரைக் கானானிய ஸ்திரீ என்கிறார், மாற்கு சீரோபேனிக்கியா தேசத்தவர் என்கிறார். மகள் பிசாசின் பிடியில் கிடக்கிறாள்.

மத்தேயு 15-ஐ மெதுவாக வாசித்தால் அந்த அம்மாவுக்கு எத்தனை கதவு அடைபட்டது என்று தெரியும். முதலில் கூப்பிட்டதற்கு இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. சும்மா இருந்தார். ஜெபிக்கிறவர்களுக்கு இதுதான் கஷ்டமான இடம், ‘இல்லை’ என்ற பதிலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்தது சீஷர்கள். பின்னாலேயே வந்து கூப்பிடுகிறாள், அனுப்பிவிடும் என்கிறார்கள். அதற்கு அடுத்து, இஸ்ரவேல் வீட்டாருக்காகவே தாம் அனுப்பப்பட்டதாக இயேசு சொல்கிறார். அப்புறம்தான் அந்த அம்மா கிட்டே வந்து பணிந்து விழுகிறார். தூரத்திலிருந்து கூப்பிட்டவர், மறுப்பைக் கேட்ட பிறகு இன்னும் பக்கத்தில் வருகிறார் பாருங்கள். நானாக இருந்தால் அந்த இடத்தில் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். பிறகு வருகிறது அந்தக் கடினமான வாக்கியம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று.

இந்த வாக்கியத்தை இலேசாக்கிக் காட்டப் பலர் பலவிதமாகப் பிரசங்கம் செய்கிறார்கள். நான் அதை இலேசாக்க விரும்பவில்லை. அது காதுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாவுக்கும் கடினமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் அதிலிருந்தே தன் பதிலை எடுத்தார். ஆமாம் ஆண்டவரே, நாய்க்குட்டிகளும் எஜமானின் மேசையிலிருந்து விழுகிற துணிக்கைகளைத் தின்னுமே என்றார். நான் நாயல்ல என்று வழக்காடவில்லை, பிள்ளையின் இடத்தையும் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும், ஆனாலும் நீர்தானே எஜமான், இது உம்முடைய மேசைதானே என்றுதான் அதற்கு அர்த்தம். எந்த வீட்டில் தன்னை நாய் என்றார்களோ, அந்த வீட்டின் எஜமானாகவே அவரைப் பிடித்துக்கொண்டார். மாணிக்கவாசகர் தன்னை நாயென்று சொல்லி உருகியதைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்தப் பதிலில் இருக்கிற உரிமையும் நெருக்கமும் சீக்கிரமே புரியும் என்று நினைக்கிறேன். தன்னைத் தாழ்த்திச் சொல்லும்போதே பற்றுகிற கை இறுகுகிற பேச்சு அது.

இயேசு அந்த விசுவாசத்தைப் பெரியது என்றார். சுவிசேஷங்களில் ஒருவருடைய விசுவாசத்தை அவர் இப்படிப் பெரிதாகப் புகழ்ந்தது இரண்டே பேரைத்தான், ஒருவர் ரோமச் சேவகத்தில் இருந்த நூற்றுக்கு அதிபதி, இன்னொருவர் இந்த அம்மா. இரண்டு பேருமே வெளியாட்கள். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, கேட்டது கடைசியில் கிடைத்துவிட்ட கதை இது, மகள் அந்நேரமே குணமானாள். கிடைக்காதவர்கள்?

மணி கோழி எலும்பு கேட்பான். அதைத் தரமாட்டோம். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். சாக்லேட்டும் அப்படித்தான், அதிலிருக்கிற, நமக்கு ஒன்றும் செய்யாத தியோப்ரோமின் நாய்க்கு விஷம். மணிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கண்ணுக்கு, நேற்று மீன் கொடுத்த அதே கை இன்று காரணமில்லாமல் மூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எழுந்து போக மாட்டான். சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவின் காலடியிலேயே படுத்துவிடுவான். மறுநாள் ராத்திரி அதே இடத்தில், அதே கண்ணோடு வந்து உட்காருவான். நேற்றைய ‘இல்லை’யை மனத்தாங்கலாகச் சேர்த்துவைத்துக்கொண்டு வருவது கிடையாது. எனக்கு அவனிடம் பொறாமை வருகிற இடம் இது.

அகுஸ்தீனின் தாய் மோனிக்கா இப்படி ஒரு ‘இல்லை’யைக் கடந்தவர். வட ஆப்பிரிக்காவில் பிறந்த குடும்பம். கெட்டிக்கார மகன் சபைக்கு வெளியே இருந்த மணிக்கேய மார்க்கத்தில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம்போல அதிலேயே இருந்தார். அம்மா அழுது அழுது ஜெபித்தார். ஒரு பிஷப்பிடம் போய், என் மகனிடம் பேசுங்கள் என்று கெஞ்சினார். அந்த பிஷப்பும் சிறுவயதில் மணிக்கேயர்களிடம் வளர்ந்து வெளியே வந்தவர்தான். இப்போது சொன்னால் அவன் கேட்க மாட்டான், விட்டுவிடுங்கள், தானே படித்துத் தெரிந்துகொள்வான் என்றார். மோனிக்கா விடவில்லை. கண்ணீரோடு திரும்பத் திரும்பக் கேட்டார். பிஷப்புக்கு எரிச்சலே வந்துவிட்டது. போங்கள் அம்மா, இத்தனை கண்ணீர் விட்ட தாயின் மகன் கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். அதை வானத்திலிருந்து வந்த வார்த்தையாகவே மோனிக்கா எடுத்துக்கொண்டாராம். ‘தாரேன்’ என்ற ஒரு சொல்லை நம்பிக் காத்திருப்பது என்றால் இதுதான்.

ஆனால் என்னை அதிகம் பாதிப்பது கார்த்தேஜ் துறைமுகத்து இரவு. மகன் இத்தாலிக்குக் கப்பலேறப் பார்க்கிறார். தாய் விடமாட்டேன் என்கிறார். மகன் ஒரு பொய் சொல்லி, பக்கத்திலிருந்த பரிசுத்த சிப்ரியானின் சிற்றாலயத்தில் தாயைத் தங்கவைக்கிறார். அந்த ராத்திரி முழுவதும் மோனிக்கா, என் மகனைப் போகவிடாதேயும் என்று அழுது ஜெபிக்கிறார். காலையில் பார்த்தால் கப்பல் போய்விட்டது. ஜெபம் கேட்கப்படவில்லை. பிறகு இத்தாலியில், மிலான் நகரத்தில்தான், அகுஸ்தீன் அந்நகரத்து பிஷப் அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்கிறார், மனம் திரும்புகிறார். 387-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையில் ஞானஸ்நானம் பெறுகிறார். தாயும் கடல் கடந்து வந்து கூட இருந்து பார்க்கிறார். அதே வருஷம் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்துபோனார். அந்த ஒரு இரவில் கேட்டதைத் தராமல் விட்டதால்தான், வருஷக்கணக்காய்க் கேட்டதை ஆண்டவர் தாய்க்குத் தந்தார் என்று மகனே தம்முடைய ‘அறிக்கைகள்’ நூலில் பின்னாளில் எழுதினார். அந்தக் காலையில் கடற்கரையில் நின்ற தாய்க்கு அது தெரியாது. தெரியாமலே அவர் மறுநாளும் ஜெபித்தார்.

எல்லாருக்கும் மோனிக்கா மாதிரி கண்ணால் காணக் கிடைப்பதில்லை. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். ஒருவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இன்னும் இருவருக்குப் பல வருஷம். முப்பத்தாறு வருஷம் கழித்து அவர் இதைச் சொல்லும்போது, மீதி இரண்டு பேர் மனந்திரும்பியிருக்கவில்லை, நான் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். நடந்த அற்புதங்களைப் பட்டியல் போடுகிற சாட்சிகளைவிட, நடக்காததை இப்படி வெளிப்படையாகச் சொன்ன அந்தச் சாட்சிதான் என்னைத் தாங்குகிறது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நாய் பழக்குகிறவர்கள், சாப்பிடும் மேசையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். எப்போதாவது ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், நாய் அதற்காகவே தினமும் வந்து நிற்கும், கொடுப்பதை நிறுத்தினாலும், தினமும் வாங்கிப் பழகிய நாயைவிட அதிக நாள் விடாமல் நச்சரிக்கும். அது உண்மைதான், பிராணிகளின் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் நிரூபித்த விஷயம். அப்படியானால் நம் ஜெபமும், எப்போதோ ஒருமுறை கிடைத்ததால் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம்தானா?

வெறும் பழக்கமாக இருந்தால், துணிக்கை கிடைக்கிற இடத்துக்குத்தான் அது இழுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி அறையிலேயே படுத்திருந்த நாட்களில், மேசையில் நாங்கள்தான் மீன் வைத்துச் சாப்பிட்டோம். மணி எங்களிடம் வரவில்லை. அம்மாவின் அறை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே மீன் கிடையாது. கஞ்சி குடிக்கிற அம்மாவிடம் அவனுக்குத் தர ஒன்றும் இல்லை. துணிக்கைக்காக வந்து உட்கார ஆரம்பித்தவன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் அம்மாவைக் கற்றுக்கொண்டுவிட்டான். ஜெபமும் நம்மில் பலருக்குத் தேவையில்தான் ஆரம்பிக்கிறது, பரீட்சை, வேலை, பிள்ளை வரம், ஸ்கேன் ரிப்போர்ட். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடாமல் வந்துகொண்டேயிருந்தால், கேட்க வந்த காரியத்தைவிடக் கேட்கப்படுகிறவர் பெரிதாகிவிடுகிறார். லூத்தரோடு நான் வேறுபடுகிற பாதி இதுதான். டோல்பெல் இறைச்சியைப் பார்த்தான் என்கிறார் அவர். அங்கேதான் ஆரம்பம், ஆனால் பார்வை அங்கேயே நின்றுவிடக் கூடாது.

லூக்கா 18-இன் நியாயாதிபதியையும் இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேவன் அவனைப் போன்றவர், தொந்தரவு தாங்காமல் தருவார் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இயேசு சொன்னது அதற்கு நேர் எதிர். அநியாயக்காரனே கடைசியில் நியாயம் செய்வானென்றால், உங்களை நேசிக்கிற பிதா எவ்வளவு அதிகமாகச் செய்வார் என்பதுதான் உவமை. களைத்துப்போய்த் தருகிறவர் அல்ல அவர். அதனால் அவரைக் களைக்கவைக்கிற வேலை நமக்கு இல்லை.

மணி ஒரு இடத்தோடு நின்றுவிடுகிறான். அதற்கு மேல் அவன் நமக்கு வாத்தியார் இல்லை. அவன் தனக்காகத்தான் கேட்கிறான். தெருவில் பட்டினியாய்க் கிடக்கிற இன்னொரு நாய்க்காக அவன் எங்கள் மேசையில் உட்கார்ந்தது கிடையாது. கானானிய அம்மா மகளுக்காகக் கேட்டார், மோனிக்கா மகனுக்காக. லூக்கா 11-இல் நடுராத்திரியில் கதவைத் தட்டிய மனுஷன் மூன்று அப்பம் கேட்டது தன் வயிற்றுக்காக அல்ல, வழிப்பயணமாய் வந்த சிநேகிதனுக்காக. முல்லர் ஐந்து பேருக்காகக் கேட்டார். நமக்காகக் கேட்பதில் நாம் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறோம், அல்லது சமாதானமாகிவிடுகிறோம். இன்னொருவருக்காகக் கேட்கும்போது விட மனசு வருவதில்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு, என் தாய்மாமா. சொத்துத் தகராறில் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர். வீட்டில் நடந்த கல்யாணத்துக்கும் வரவில்லை, தாத்தா அடக்கத்துக்கும் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, ராத்திரி ஜெபத்தில் அம்மா அவர் பெயரைச் சொல்லாமல் முடித்ததில்லை. நீண்ட ஜெபமெல்லாம் இல்லை. ஆண்டவரே, எந்தம்பி, அவன் எங்க இருந்தாலும் நீரு பாத்துக்கிடும், அவ்வளவுதான். ஒருநாள் நான், “எம்மா, இன்னுமாம்மா?” என்று கேட்டேன். அம்மா நிதானமாக, “நாங் கேக்கதை விட்டா, அவனுக்காவக் கேக்க வேற யாரு இருக்கா?” என்றார்கள். மாமா இன்னும் வரவில்லை. அம்மா இன்னும் கேட்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் சலிப்பைப் பார்த்ததில்லை.

செல்லப்பிராணி வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் சாப்பிடும்போது போனை ஓரமாக வைத்துவிட்டு அது எப்படிக் காத்திருக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பூனை வைத்திருக்கிறவர்களும் பார்க்கலாம், விடியற்காலையில் கதவுப் பக்கம் அது உட்காருகிற விதத்தை.

உங்களில் பலருக்கும் ஒரு பெயர் இருக்கும். ஒரு காலத்தில் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பீர்கள். குடியை விடாத அண்ணனாக இருக்கலாம், பேசாமல் போன மகளாக இருக்கலாம், வியாதிப்படுக்கையில் கிடக்கிற சிநேகிதியாக இருக்கலாம். பதில் வரவில்லை என்று எப்போதோ அந்தப் பெயர் ஜெபத்திலிருந்து நழுவியிருக்கும். இன்று ராத்திரி ஜெபத்தில் அந்தப் பெயரைத் திரும்பவும் சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் பெயரை மட்டும் சொல்லுங்கள், நாளைக்கும் சொல்லுங்கள். என் மாமாவுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் அம்மா சந்தோஷப்படுவார்கள்.